கணினி போடும் ‘மிகச் சிறந்த திட்டம்’ எந்தக் கணக்கின்படி சிறந்தது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும். அப்பாவுக்கு 63 வயது. நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். கரண்ட் பிடிக்க வேண்டும், அதாவது கதிர் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று வைத்தியர் முடிவு சொல்லிவிட்டார். முகத்துக்கு மாஸ்க் செய்து, சி.டி. ஸ்கானும் எடுத்து, “திட்டம் சரிவந்ததும் கூப்பிடுவோம்” என்று வீட்டுக்கு அனுப்பி இன்றைக்கு ஒன்பது நாள். திட்டத்தைக் கணினிதான் போடுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர் என்பதால் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். இது ஓர் உகப்பாக்கக் கணக்கு, அதாவது இருப்பவற்றுள் மிகச் சிறந்த விடையைத் தேடும் கணக்கு என்று அறிந்திருக்கிறீர்கள். கணினி மிகச் சிறந்ததைக் கண்டுபிடிக்கும் என்றால் ஏன் இத்தனை நாள், மிகச் சிறந்த திட்டம் என்றால் ஏன் வாய் வறண்டுபோகும் என்கிறார்கள் என்பது நீங்கள் கேட்டது. எனக்குக் கேட்டதோ இன்னொன்று: அப்பாவுக்குக் கிடைக்கப்போவது உண்மையிலேயே சிறந்ததுதானா, அதை யார் தீர்மானிக்கிறார்கள்?

நான் மருத்துவ பௌதிகவியலாளர். கொழும்பில் இப்படியான திட்டங்களைப் போட்டும் சரிபார்த்தும் பதினேழு வருடம் ஆகிறது. நான் வைத்தியர் அல்ல, அப்பாவின் ஸ்கானையும் பார்க்கவில்லை. ஆகவே நோயின் நிலை பற்றியோ மருந்து பற்றியோ ஒன்றும் சொல்ல மாட்டேன். கணக்கைப் பற்றியும் அந்தக் கணக்கு எங்கே தடுமாறும் என்பதைப் பற்றியும் சொல்லலாம்.

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு அறுவை இல்லாமல் கதிர்வீச்சையே முதன்மையாகக் கொடுக்கும்போது வழக்கமான அளவு 70 கிரே. ஒரு கிலோகிராம் இழையத்தில் ஒரு ஜூல் சக்தி தங்கினால் அது ஒரு கிரே. இந்த 70 கிரேயை ஒரே நாளில் கொடுப்பதில்லை. நாளுக்கு 2 கிரே வீதம் 35 நாள், திங்கள் முதல் வெள்ளி வரை, ஏழு வாரம். நல்ல கலங்கள் இரவில் தங்களைத் திருத்திக்கொள்ளும், புற்றுநோய்க் கலங்களுக்கு அந்தத் திறமை குறைவு என்பதால்தான் இந்தப் பங்கீடு. இனி அயலைப் பாருங்கள். நாக்கின் அடியிலிருந்து சில சென்றிமீற்றர் பின்னால், முள்ளந்தண்டுக்குள், முண்ணாண் என்ற நரம்புத்தண்டு ஓடுகிறது. அதில் எந்தப் புள்ளியும் 45 கிரேயைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகப் பிடிக்கப்படும் வரம்பு. தாண்டி வெகுதூரம் போனால் கை கால் விழும் ஆபத்து. இரண்டு காதுக்கும் கீழே பரோட்டிட் எனப்படும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள். அவற்றின் சராசரி அளவு ஏறக்குறைய 26 கிரேக்குள் நின்றால் உமிழ்நீர் ஓரளவு திரும்பும். கீழே குரல்வளை, முன்னால் தாடை எலும்பு, மேலே மூளைத்தண்டு. கதிர் தோலைத் தாண்டி உள்ளே போய் மறுபக்கத்தால் வெளியேறுவது. கட்டியில் மட்டும் நின்றுவிடு என்று அதற்குக் கட்டளை போட முடியாது. பல திசைகளிலிருந்து மெல்லிதாக அனுப்பி, கட்டியில் மட்டும் அவை ஒன்றுசேரும்படி செய்வதே இருக்கும் வழி.

கதிரடிக்கும் லினாக் இயந்திரத்தின் வாயைக் கிட்ட நின்று பார்த்தால் உங்களுக்கு இது உடனே விளங்கும். உள்ளே டங்ஸ்டன் தகடுகள், சீப்பின் பற்கள் மாதிரி, இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கும். பரவலாகப் பாவிக்கப்படும் ஒரு வகையில் 60 சோடி, மொத்தம் 120 தகடு. நடுவில் உள்ளவை நோயாளியின் இடத்தில் 5 மில்லிமீற்றர் அகலத்துக்கு நிழல் விழுத்தும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மோட்டார். சிகிச்சை நடக்கும்போது அவை நகர்வதைச் சோதனை நேரத்தில் பார்ப்பேன். ஒரு பக்கம் மெல்லத் திறக்கும், மறுபக்கம் மூடிக்கொண்டு வரும், இடையில் ஒரு சிறு கீலம் வெளிச்சம் வழுக்கிப் போகும். எந்தத் தகடு எந்தக் கணத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் திட்டம். அதை மனிதக் கையால் எழுத முடியாது.

இனிக் கணக்கு. அப்பாவின் சி.டி. ஸ்கானை இரண்டரை, மூன்று மில்லிமீற்றர் பக்கமுள்ள சிறு கனவுருக்களாக வெட்டுகிறோம். பல இலட்சம் வரும். ஒவ்வொரு திசையிலிருந்து வரும் கதிரையும் சிறு சிறு கற்றைகளாகப் பிரிக்கிறோம், ஆயிரக்கணக்கில் வரும். ஒவ்வொரு கற்றையும் ஓர் அலகு வலிமையில் எரிந்தால் ஒவ்வொரு கனவுருவுக்கும் எவ்வளவு போய்ச் சேரும் என்பதைப் பௌதிகம் சொல்லும். அதை ஒரு பெரிய தாயமாக, அதாவது எண்களின் அட்டவணையாக எழுதிக்கொள்ளுங்கள். கற்றைகளின் வலிமைதான் நாம் தேடும் மாறிகள். தாயத்தை அவற்றால் பெருக்கினால் உடம்பு முழுக்கக் கதிரின் பரம்பல் வந்துவிடும். ஒரே ஒரு கட்டாயம்: எந்த வலிமையும் மறையாக, அதாவது பூச்சியத்துக்குக் கீழே இருக்கக்கூடாது.

இரண்டே இரண்டு கற்றையோடு ஒரு பொம்மைக் கணக்கு செய்து பாருங்கள், பேப்பரும் பேனையும் காணும். முதல் கற்றை ஓர் அலகுக்குக் கட்டிக்கு 1, பரோட்டிட்டுக்கு 0.5, முண்ணாணுக்கு 0.1 கொடுக்கிறது. இரண்டாவது கட்டிக்கு 0.8, பரோட்டிட்டுக்கு 0.1, முண்ணாணுக்கு 0.6. கட்டிக்கு 70 வேண்டும், முண்ணாண் 45ஐத் தாண்டக்கூடாது, பரோட்டிட் முடிந்தவரை குறைய வேண்டும். முதல் கற்றை மட்டும் என்றால் பரோட்டிட்டுக்கு 35 போகும், அது அதிகம். இரண்டாவது மட்டும் என்றால் பரோட்டிட்டுக்கு 8.75தான், ஆனால் முண்ணாணுக்கு 52.5, அது ஆகவே ஆகாது. சமனிலிகளைக் கீறிப் பார்த்தால் விடை மூலையில் வந்து நிற்கும்: முதல் கற்றை ஏறக்குறைய 11.5, இரண்டாவது 73.1, பரோட்டிட்டுக்கு 13 அளவில். நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் முண்ணாணைப் பாருங்கள். சரியாக 45, வரம்பின் மேல் ஏறி நிற்கிறது. இது தற்செயல் அல்ல. சிறந்ததைத் தேடும் எந்தக் கணக்கும் நீங்கள் விட்ட இடத்தைக் கடைசி அங்குலம் வரை பயன்படுத்தும். நீங்கள் சொல்லாத எதையும் அது காப்பாற்றாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

உங்கள் கணித ஆர்வத்துக்காக ஒரு சிறு கதை. சி.டி. ஸ்கானுக்கான கணிதத்தை 1960களில் எழுதியவர் அலன் கோர்மக். அதற்காக 1979இல், ஸ்கான் இயந்திரத்தை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுடன் நொபெல் பரிசு பெற்றார். பல திசைகளிலிருந்து எடுத்த நிழல்களைக் கொண்டு உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பது ஸ்கான். உள்ளே வேண்டியதைச் சொல்லிவிட்டு, பல திசைகளிலிருந்து எதை அனுப்ப வேண்டும் என்று கேட்பது கதிர் சிகிச்சை. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. 1982இல் சுவீடனில் அண்டர்ஸ் பிராமேயும் கூட்டாளிகளும் இந்தத் திருப்பத்தை எழுதினார்கள். கோர்மக்கும் 1980களின் பிற்பகுதியில் இதே கணக்கில் கைவைத்தார். அப்படியே திருப்பினால் சில கற்றைகளுக்கு மறைப் பெறுமானம் வந்து நிற்கும். கொடுத்த கதிரை உடம்பிலிருந்து திருப்பி எடுக்கும் கதிர் உலகில் இல்லை. ஆகவே நேரடி விடை கிடையாது. இருக்கக்கூடியவற்றுள் கிட்டியதைத் தேடவேண்டியதாயிற்று. 1989இல் ஸ்டீவ் வெப், 1990இல் தோமஸ் போர்ட்ஃபெல்ட் ஆகியோர் அதற்குச் செயல்படும் வழிகளைக் கொடுத்தார்கள். கற்றைகளின் வலிமையை இப்படித் தனித்தனியாக மாற்றிக் கொடுக்கும், இன்று ஐ.எம்.ஆர்.டி. என்று சொல்லப்படும் முறை அங்கிருந்து வளர்ந்தது. இயந்திரம் சுற்றிக்கொண்டே கதிரடிக்கும் வீமாட் முறையை 2008இல் கார்ல் ஒட்டோ எழுதினார்.

சரி, உண்மையான திட்டத்தில் ‘மிகச் சிறந்தது’ என்பதை எப்படிச் சொல்கிறோம்? ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு தண்டப்பணம் வைக்கிறோம். கட்டியில் ஒரு கனவுரு 70இலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப இவ்வளவு தண்டம்; முண்ணாண் 45ஐத் தாண்டினால் இவ்வளவு; பரோட்டிட் 26ஐத் தாண்டினால் இவ்வளவு. ஒவ்வொரு தண்டத்துக்கும் ஒரு நிறை, அதாவது அது எவ்வளவு முக்கியம் என்று காட்டும் ஓர் எண். எல்லாவற்றையும் கூட்டி, கூட்டுத்தொகை குறையும் திசையில் கணினி படித்திறனை, அதாவது சரிவைப் பார்த்துப் படிப்படியாக இறங்குகிறது. கற்றை வலிமைகள் மட்டும் மாறிகளாக இருந்து, தண்டங்களும் இப்படி எளியவையாக இருக்கும்வரை இது ஒரே அடி உள்ள கிண்ணம் மாதிரி. எங்கிருந்து இறங்கினாலும் அடிக்கே போய்ச் சேருவீர்கள். “இந்த உறுப்பில் இத்தனை வீதத்துக்கு மேல் இவ்வளவு கிரே போகக்கூடாது” என்ற மாதிரி நிபந்தனை வந்தாலோ, தகடுகளின் நிலையையே நேரடியாகத் தேடும் வீமாட் என்றாலோ கிண்ணம் கரடுமுரடாகிவிடும், பல குழிகள் இருக்கும். கணினி நிற்கும் குழிதான் மிக ஆழமானது என்று யாரும் நிறுவித் தருவதில்லை. என் அனுபவத்தில் இந்தக் குழிகள் பெரும்பாலும் கிட்டத்தட்ட ஒரே ஆழம். வேறு இடத்திலிருந்து தொடங்கி ஓட்டினாலும் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு வித்தியாசம் வருவது அரிது. கணிதரீதியாக இது ஒரு குறை, ஆனால் என்னைத் தூங்கவிடாத குறை இது அல்ல.

என்னைத் தூங்கவிடாதது அந்த நிறைகள். பரோட்டிட்டுக்கு நிறை 60 போடுவதா 80 போடுவதா? எந்தச் சமன்பாடும் அதைச் சொல்லித் தராது. கட்டிலுக்குக் காணாத போர்வை மாதிரி, தலைக்கு இழுத்தால் கால் தெரியும். பரோட்டிட்டை அழுத்தினால் விலகிய கதிர் வாய்க்குள்ளும் கழுத்தின் பின்புறத்திலும் போய்த் தேங்கும். இன்னும் அழுத்தினால் கட்டியின் ஓரம் ஒன்றில் 70 என்பது 65 ஆகும், அதைத்தான் நாங்கள் விடவே மாட்டோம். ஒன்றைக் கெடுக்காமல் இன்னொன்றை மேலும் நல்லதாக்க முடியாத திட்டங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவை அத்தனையும் ‘மிகச் சிறந்தவை’தான். அவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்வது கணிதம் அல்ல, தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை உங்கள் புற்றுநோய் வைத்தியர் செய்கிறார், என்னைப் போன்றவர்கள் எண்களாக மாற்றுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா வந்தார், சமைத்துக் கொடுத்துப் பிழைப்பவர். கறியில் உப்புப் புளி பார்க்காமல் எனக்குத் தொழில் இல்லை ஐயா என்று வைத்தியரிடம் சொல்லியிருக்கிறார். வைத்தியர் அதை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தார். முதல் திட்டத்தில் இரண்டு பரோட்டிட்டும் வரம்புக்குள் இருந்தன, பார்க்க மிக வடிவாக. ஆனால் வாய்க்குழியின் முன்பகுதிக்கும் நாக்கின் நுனிக்கும் வேண்டாத அளவு போயிருந்தது. அதற்கு நாங்கள் பெரிய நிறை வைக்கவில்லை, கணினி அதைத் தாராளமாகப் பாவித்திருந்தது. இரவு எட்டு மணிக்கு இருந்து நிறைகளை மாற்றினோம். கட்டி இருந்த பக்கத்துப் பரோட்டிட்டை விட்டுக்கொடுத்தோம், மறுபக்கத்ததைக் காப்பாற்றினோம், நாக்கின் முன்பகுதி இறங்கிவந்தது. முதல் திட்டமும் பிழை இல்லை, இரண்டாவதும் பிழை இல்லை. இரண்டாவது அந்த அம்மாவுடையது. உங்கள் அப்பா இன்னும் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வைத்தியரிடம் அதைச் சொன்னீர்களா? குரல் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தால் குரல்வளைக்கு வைக்கும் நிறை மாறலாம். நோய் அதற்கு இடம் கொடுக்குமா என்பதை அவர்தான் சொல்ல முடியும், ஆனால் கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரு கனவுருவுக்கு எவ்வளவு கதிர் போகும் என்ற பௌதிகக் கணக்கு நன்றாகச் சோதிக்கப்பட்டது. பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று வீதத்துக்குள் நிற்கும். ஐ.எம்.ஆர்.டி. முறை வாய் வறட்சியைக் குறைக்கிறது என்பதும் உறுதி. பிரித்தானியாவில் 94 தொண்டைப் புற்றுநோயாளரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட பார்ஸ்போட் ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துக் குறிப்பிடத்தக்க வாய் வறட்சி பழைய முறையில் 74 வீதம் பேருக்கு, ஐ.எம்.ஆர்.டி.யில் 38 வீதம் பேருக்கு. நோய் கட்டுப்படுவதில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 38 என்பது பூச்சியம் அல்ல என்பதையும் பாருங்கள். வைத்தியர் முன்கூட்டியே சொன்னது அதனால்தான்.

அடுத்த பக்கம். 26 கிரே என்பது ஒரு மதில் அல்ல; 25இல் எல்லாம் நலம், 27இல் எல்லாம் போச்சு என்று உடம்பு நடப்பதில்லை. பலருடைய தரவிலிருந்து எடுத்த வழிகாட்டி அது, உங்கள் அப்பாவின் சுரப்பி எப்படி நடக்கும் என்பதை முன்னரே சொல்லாது. அதைவிடப் பெரிய சந்தேகம், கணக்கு தொடங்குவதற்கு முன்பே இருக்கிறது: கட்டியின் எல்லை எது? ஸ்கானில் ஒவ்வொரு துண்டிலும் வைத்தியர் கையால் கோடு கீறுகிறார். அனுபவமுள்ள இரண்டு வைத்தியர்கள் ஒரே ஸ்கானில் கீறினாலும் கோடுகள் சில மில்லிமீற்றர் விலகும். கணினி அந்தக் கோட்டை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீற்றரில் நோய் இருந்தால் அதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. மூன்றாவது, நோயாளி ஒரு நாளைப் போல் இன்னொரு நாள் படுப்பதில்லை. பொம்மைக் கணக்கில் முண்ணாண் சரியாக 45இல் நின்றதை நினைத்துப் பாருங்கள். அப்பா மூன்று மில்லிமீற்றர் நகர்ந்து படுத்தால்? அதற்காகத்தான் கட்டியைச் சுற்றி மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் விளிம்பு விடுகிறோம், முண்ணாணைச் சுற்றியும் ஒரு வேலி போடுகிறோம், அதற்காகத்தான் அந்த மாஸ்க்.

இப்போது ஒன்பது நாளுக்கு வருவோம். கணினி ஓடுவது நிமிடக் கணக்கு. அதிகம் போனால் ஒரு மணித்தியாலம். வைத்தியர் கோடு கீறுவதுதான் நீண்ட வேலை, கழுத்து என்றால் மணிக்கணக்கு, கிளினிக்குக்கும் வார்டுக்கும் இடையில் அதைச் செய்ய வேண்டும். பிறகு நாங்கள் திட்டம் போட்டு, நிறைகளை மாற்றி மாற்றி, வைத்தியரிடம் காட்டி, அவர் திருப்பி அனுப்பி, மறுபடியும் போட்டு. பிறகு இன்னொருவர் முழுவதையும் சரிபார்க்க வேண்டும். கடைசியாக, அப்பா படுக்கும் இடத்தில் உணரிகள் நிறைந்த ஒரு பொம்மையை வைத்து அதே திட்டத்தை இயந்திரத்தில் ஓட்டி அளக்கிறோம். கதிரின் அளவில் 3 வீதம், இடத்தில் 2 மில்லிமீற்றர் வரை விலகலாம் என்ற அளவுகோலில் குறைந்தது 95 வீதப் புள்ளிகள் பொருந்த வேண்டும் என்பது 2018இல் வந்த அமெரிக்க வழிகாட்டல், நாங்களும் அதைத்தான் பிடிக்கிறோம். பகலில் இயந்திரம் நோயாளருக்கு உரியது, அளப்பது இரவில்தான். ஒன்று, இரண்டு வாரம் என்பது பல நாடுகளிலும் நடக்கும் காலம். இரண்டு வாரம் தாண்டினால் கூச்சப்படாமல் போன் எடுத்துக் கேளுங்கள், கோப்புகள் ஓரிடத்தில் தங்கிவிடுவது உண்டு.

இந்த நாட்களை வீணாக்க வேண்டாம். பல் வைத்தியரிடம் இன்னும் காட்டவில்லை என்றால் நாளைக்கே காட்டுங்கள், புற்றுநோய் வைத்தியருக்கும் அதைத் தெரியப்படுத்துங்கள். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும். பிடுங்க வேண்டியதை முன்னரே பிடுங்கிப் புண் ஆறவிட வேண்டும். வெற்றிலை, புகையிலை, சுருட்டு எதுவும் இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும். தொடங்கியபின் ஒரு நாளும் தவறவிடாதீர்கள். கல்யாண வீடு, கோயில் திருவிழா, மழை, பஸ் இல்லை, எதுவானாலும் சரி. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சைக் காலம் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு வீதம் குறைகிறது. நான் எத்தனை இரவு இருந்து திட்டத்தைச் செதுக்கினாலும் அந்த ஒரு வீதத்தைத் திருப்பி எடுக்க முடியாது. இயந்திரம் பழுதாகி ஒரு நாள் போனால், அதை எப்படி ஈடுசெய்வீர்கள் என்று கேளுங்கள். சனிக்கிழமை வரச்சொல்லலாம், ஒரே நாளில் ஆறு மணித்தியால இடைவெளியில் இரண்டு முறை கொடுக்கலாம்.

அப்புறம் அந்த மாஸ்க். வெந்நீரில் இளகவைத்த வலைத் தட்டை முகத்தில் படியவிட்டு இறுகவைத்தது அது, அன்றைய அப்பாவின் முகத்துக்கு அளவெடுத்தது. மூன்றாம் நான்காம் வாரத்தில் விழுங்க நோகும், சாப்பாடு குறையும், கன்னம் வற்றும். திட்டம் போட்ட கழுத்தும் படுத்திருக்கும் கழுத்தும் அப்போது ஒன்றல்ல. பரோட்டிட் சுருங்கி உள்ளே, கதிர் கூடிய பக்கம் நகரும். ஒவ்வொரு வாரமும் அப்பாவின் உடல் நிறையைப் பாருங்கள். மாஸ்க் போட்டபின் கன்னத்துக்கும் வலைக்கும் இடையில் விரல் நுழைகிறது என்று அப்பா சொன்னால், அன்றைக்கே, சிகிச்சைக்கு முன்பே, அங்கே நிற்கும் கதிர்ப்படவியலாளரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் புதிய ஸ்கான் எடுத்து, புதிய மாஸ்க் செய்து, கணக்கை முதலிலிருந்து போடுவோம்.